வேகமான சிப் ஏன் தோற்கிறது: சர்வர் ப்ராசஸர் சந்தையை ஆளும் ஒப்பந்தங்கள்

கேள்வி இதுதான்: உயர்ரக சர்வர் ப்ராசஸர்களில் கம்பெனிகள் போட்டுக்கொள்ளும் கூட்டணிகள் உண்மையிலேயே போட்டியின் போக்கை மாற்றுகின்றனவா, இல்லை கடைசியில் நல்ல சிப்தான் ஜெயிக்கிறதா?

மாற்றுகின்றன. அதுவும் நாம் நினைப்பதைவிட அதிகமாக. வங்கி, டெலிகாம், ரயில்வே முன்பதிவு மாதிரி இடங்களில் ஒரு பெரிய சர்வரை வாங்கினால் ஏழு, எட்டு வருஷமாவது ஓட்டுவார்கள். அத்தனை வருஷத்துக்கு மூன்று பேர் அந்த சிப்பைக் கைவிடாமல் இருக்க வேண்டும்: அதை வைத்து சர்வர் கட்டும் நிறுவனம், அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் டேட்டாபேஸையும் தருபவர்கள், சிலிக்கானைத் தயாரித்துத் தரும் ஃபேப், அதாவது சிப் தொழிற்சாலை. இவர்களில் ஒருவர் விலகினாலும் சிப் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. இதை முழுசாகப் புரிந்துகொள்ள இன்டெலின் ஐடேனியம் சிப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதால், வழக்கமாக வெளியே வராத ஒப்பந்தங்களும் தொகைகளும் வெளியே வந்துவிட்டன.

1994 ஜூனில் ஹெச்பியும் இன்டெலும் பின்னால் ஐடேனியம் என்று பெயர்பெற்ற ஒரு புதிய 64-பிட் ப்ராசஸரைச் சேர்ந்து உருவாக்கப்போவதாக அறிவித்தன. இரண்டு பக்கமும் தேவை இருந்தது. ஹெச்பியிடம் சொந்தமாக பிஏ-ரிஸ்க் சிப் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறிக்கொண்டே போகும் செலவை, விற்கும் எண்ணிக்கை தாங்கவில்லை. இன்டெலுக்குப் பெரிய சர்வர்களின் சந்தைக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். இன்னொன்றும் உண்டு: இன்டெலின் வழக்கமான எக்ஸ்86 வகைச் சிப்களைத் தயாரிக்கப் போட்டியாளரான ஏஎம்டியிடமும் உரிமம் இருந்தது. புதிய கட்டளைத் தொகுதிக்கு, அதாவது சிப் புரிந்துகொள்ளும் மொழிக்கு, அந்த உரிமம் செல்லாது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் மொத்தப் பாரமும் கம்பைலர் (நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தலையில் ஏற்றப்பட்டது. 41 பிட் கட்டளைகள் மூன்றும், அவை எந்த அலகில் ஓட வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் 5 பிட் குறிப்பு ஒன்றும் சேர்ந்தது 128 பிட் கொண்ட ஒரு கட்டு. எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதைச் சிப் ஓடும்போது தேடாது. கம்பைலர் முன்கூட்டியே அடுக்கிக் கொடுத்துவிடும். அறிவியல் கணக்குகளில் இது நன்றாகவே வேலை செய்தது. டேட்டாபேஸில் அப்படியில்லை. அடுத்து வேண்டிய தரவு சிப்புக்குள் இருக்கும் வேகமான கேஷிலேயே இருக்கிறதா, மெமரி வரை போக வேண்டுமா என்பது அந்த நொடியில்தான் தெரியும். கம்பைலரால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1990களின் கடைசியில் வந்திருக்க வேண்டிய முதல் ஐடேனியம், மெர்செட், 2001 நடுவில்தான் வந்தது. வந்தபோது எதிர்பார்த்த வேகமும் இல்லை.

ஆனால் அதற்குள் கூட்டணி தன் வேலையைச் செய்துவிட்டது. சிப் கையில் கிடைக்கும் முன்பே போட்டியாளர்கள் களத்தைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். 2001 ஜூனில் காம்பேக் தன் ஆல்ஃபா ப்ராசஸரைக் கைவிட்டு ஐடேனியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. ஆல்ஃபாவின் தொழில்நுட்பமும் பொறியாளர்களும் இன்டெலுக்குப் போனார்கள். எஸ்ஜிஐ தன் உயர்ரக மெஷின்களை மிப்ஸிலிருந்து ஐடேனியத்துக்கு மாற்றியது. ஹெச்பியின் பிஏ-ரிஸ்க்குக்கும் முடிவு தேதி குறிக்கப்பட்டது. இந்தச் சந்தையில் கூட்டணிகள் செய்யும் மிகப் பெரிய சேதம் இதுதான் என்பது என் கருத்து. ஆல்ஃபா சோதனையில் தோற்று வெளியேறவில்லை. எதிரே இத்தனை பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்திருக்கும்போது தனியாக முதலீடு செய்து கட்டுப்படியாகாது என்று அதன் உரிமையாளர் முடிவெடுத்தார். ஓடிக்கொண்டிருந்த நல்ல சிப்கள், இன்னும் தன்னை நிரூபிக்காத ஒரு சிப்புக்காக நிறுத்தப்பட்டன.

இந்தக் கணக்கைக் கலைத்தது ஏஎம்டி. 2003 ஏப்ரல் 22ல் வந்த ஆப்டெரான், பழைய 32-பிட் எக்ஸ்86 மென்பொருளை அப்படியே முழு வேகத்தில் ஓட்டியது; 64-பிட்டும் தந்தது. மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்ததால் இரண்டு, நான்கு சாக்கெட் (ப்ராசஸர் பொருத்தும் இடம்) கொண்ட சர்வர்களில் நல்ல பலன் கிடைத்தது. ஆனாலும் ஆப்டெரானை நிலைநிறுத்தியது அதன் பின்னால் வந்தவர்கள்தான். லினக்ஸ் தயாராக இருந்தது, மைக்ரோசாஃப்ட் அந்த 64-பிட் வடிவத்துக்கு விண்டோஸ் தருவதாகச் சொன்னது, ஐபிஎம்மும் சன்னும் சர்வர் கட்டின. 2004 பிப்ரவரியில் ஐடேனியத்தின் சொந்தப் பங்காளியான ஹெச்பியே ஆப்டெரான் சர்வர்களை அறிவித்தது. அதே மாதம் இன்டெலும் தன் எக்ஸ்86 சர்வர் சிப்பான ஜியானில் ஏஎம்டியின் 64-பிட் கட்டளைகளோடு ஒத்துப்போகும் வசதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. ஐடேனியம் எல்லோருக்குமான சிப் ஆகும் வாய்ப்பு அன்றோடு போய்விட்டது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பணம் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்த கதை. 2004 டிசம்பரில் ஹெச்பி தன் ஐடேனியம் வடிவமைப்புக் குழுவை இன்டெலிடம் ஒப்படைத்தது. மூன்று வருஷத்தில் 300 கோடி டாலர் செலவிடுவதாகவும் சொன்னது. 2005ல் ஐடேனியத்துக்கென்று தனிக் கூட்டமைப்பே அமைந்தது. 2006 தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் 1000 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தார்கள். பெரிய தொகைதான். ஆனால் மென்பொருள் நிறுவனங்கள் அறிவிப்பைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, விற்ற எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். 2009 டிசம்பரில் லினக்ஸ் தரும் ரெட் ஹாட் தன் அடுத்த பதிப்பில் ஐடேனியம் கிடையாது என்றது. 2010 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட். 2011 மார்ச்சில் டேட்டாபேஸ் நிறுவனமான ஆரக்கிள். ஹெச்பியின் ஆபரேட்டிங் சிஸ்டமான ஹெச்பி-யூஎக்ஸில் ஓடிய பெரிய சர்வர்கள் பல ஆரக்கிள் டேட்டாபேஸுக்காகவே வாங்கப்பட்டன என்று யோசித்தால், மூன்றாவதுதான் மரண அடி என்பது புரியும்.

வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, 2008ல் போட்ட ஒப்பந்தத்தில் ஐடேனியத்தைத் தொடர்ந்து தயாரிக்க ஹெச்பி இன்டெலுக்கு 44 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. 2010ல் அதை 2017 வரை நீட்டிக்க மேலும் 25 கோடி. மொத்தம் 69 கோடி டாலர். வாடிக்கையாளர் பார்க்கும் ரோடுமேப்பில் அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை என்று அழகாக வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அதைத் தாங்கி நின்றது இந்தப் பணம். இது தெரிந்திருந்தால் 2010ல் புதிதாக ஐடேனியம் வாங்கிய பலர் இரண்டாம் முறை யோசித்திருப்பார்கள்.

ஆரக்கிள் விலகியதன் காரணமும் கூட்டணி மாற்றம்தான். 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கி முடித்ததும், டேட்டாபேஸ் விற்றுவந்த ஆரக்கிள், சன்னின் ஸ்பார்க் சிப் வைத்த சர்வர்களையும் விற்கத் தொடங்கியது. நேற்று வரை ஹெச்பியின் பங்காளி, இன்று நேரடிப் போட்டியாளர். அந்த மாற்றம் முதலில் தெரிந்தது லைசன்ஸ் கணக்கில். ஆரக்கிள் தன் டேட்டாபேஸைச் சிப்பிலுள்ள கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் அலகு) எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்கி விற்கும். 2010 டிசம்பர் 1 முதல் வாங்கிய ஐடேனியம் 9300 வரிசை சர்வர்களுக்கு அந்தக் காரணியை 0.5லிருந்து 1.0 ஆக்கியது.

இது கையில் என்ன செய்யும் என்று ஒரு மெஷினை வைத்தே பார்க்கலாம். ஹெச்பியின் பிஎல்890சி ஐ2 என்பது எட்டு சாக்கெட் சர்வர். ஒவ்வொன்றிலும் நான்கு கோர், மொத்தம் 32. எண்டர்பிரைஸ் எடிஷனின் பட்டியல் விலை ஒரு லைசன்ஸுக்கு 47,500 டாலர். காரணி 0.5 என்றால் 16 லைசன்ஸ், 7,60,000 டாலர். 1.0 என்றால் 32 லைசன்ஸ், 15,20,000 டாலர். இதன்மேல் ஆண்டுக்கு 22 சதவீதம் சப்போர்ட்: முதல் கணக்கில் 1,67,200, இரண்டாவதில் 3,34,400. சிப்பில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. அதே சமயம் ஆரக்கிளின் சொந்த ஸ்பார்க் டி3க்குக் காரணி 0.25. கோரின் திறன் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் விலைப்பட்டியலில் ஒரு வரியை மாற்றிப் போட்டியாளரின் சர்வரை இரட்டிப்புச் செலவாக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஹெச்பி 2011 ஜூனில் வழக்குப் போட்டது. அதன் கையிலிருந்த ஆதாரம், சிப்புக்காகப் போட்ட ஒப்பந்தம்கூட இல்லை. ஹெச்பியின் முன்னாள் தலைவர் மார்க் ஹர்ட் 2010ல் ஆரக்கிளில் சேர்ந்தபோது எழுந்த வேறொரு வழக்கின் சமரச ஆவணத்தில், ஹெச்பி சர்வர்களுக்கு ஆரக்கிள் தன் மென்பொருளைத் தொடர்ந்து தரும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அது கட்டுப்படுத்தும் வாக்குறுதிதான் என்று 2012 ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2016ல் ஜூரி சுமார் 300 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்தது 2022ல். ஹெச்பி ஜெயித்தது. ஐடேனியம் ஜெயிக்கவில்லை. ஆரக்கிள் திரும்ப ஆதரவு தந்தாலும், ஒருமுறை விலக முயன்ற நிறுவனத்தை நம்பி யார் அடுத்த பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுவார்கள்? கடைசித் தலைமுறை 2017 மே மாதம் வந்தது. இன்டெல் கடைசி ஆர்டரை 2020 ஜனவரியோடு நிறுத்தி, 2021 ஜூலையோடு அனுப்புவதை முடித்தது.

ஐடேனியத்தில் ஓடிய ஆரக்கிள் டேட்டாபேஸை எக்ஸ்86 லினக்ஸுக்கு மாற்றுவதில் ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஹெச்பி-யூஎக்ஸ் பிக் எண்டியன், எக்ஸ்86 லிட்டில் எண்டியன். எண்களின் பைட் வரிசையே தலைகீழ். அதனால் பிசிகல் ஸ்டாண்ட்பை (அச்சு அசலான நகல் டேட்டாபேஸ்) அமைத்து ஒரு இரவில் மாற்றிவிடுவது நடக்காது. டேபிள்ஸ்பேஸ்களை (தரவை வைத்திருக்கும் பகுதிகளை) ஆன்லைனிலேயே முழு பேக்கப் எடுத்து, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் கன்வர்ட் செய்து புதிய சர்வரில் வைக்க வேண்டும். பிறகு இடையில் மாறியதை மட்டும் கொண்ட இன்கிரிமென்டல் பேக்கப்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். கடைசி நாளில் மட்டும் டேபிள்ஸ்பேஸ்களை ரீட்-ஒன்லி ஆக்கி, இறுதி இன்கிரிமென்டலை ஏற்றி, ஆரக்கிளின் ஏற்றுமதிக் கருவியான டேட்டா பம்ப் மூலம் மெட்டாடேட்டாவை (டேபிள்களின் அமைப்பு விவரங்களை) கொண்டுபோக வேண்டும். சிஸ்டம் டேபிள்ஸ்பேஸ் இந்த வழியில் வராது, ஆகவே யூசர்களையும் அதிலிருக்கும் மற்றவற்றையும் தனியாக உருவாக்க வேண்டும். இரண்டு பக்கமும் டைம்ஸோன் ஃபைல் பதிப்பு வேறாக இருந்தால் டைம்ஸோன் வகைத் தேதி காலங்கள் கொண்ட டேபிள்கள் தகராறு செய்யும். இதையெல்லாம் தாண்டினாலும், ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) அப்படியே பைனரி ஃபைலில் எழுதும் பழைய சி நிரல்கள் ஒரு மூலையில் இருக்கும். அவை எர்ரர் தராமல் தப்பான எண்ணைப் படிக்கும். மாற்றத்துக்கு முன்பே அவற்றைத் தேடிப் பட்டியலிட்டுவிடுவது நல்லது.

எக்ஸ்86 பக்கம் வேறு மாதிரி. அங்கே சிப் ஒரே மொழி பேசுகிறது, அதனால் சண்டை சர்வர் நிறுவனங்களை யார் தன் பக்கம் வைத்திருப்பது என்பதில். ஆப்டெரான் வந்து மூன்று வருஷம் டெல் அதைத் தொடவில்லை. 2010ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் டெல் மேல் எடுத்த நடவடிக்கையில் காரணம் வெளியே வந்தது. ஏஎம்டி சிப்களைப் பயன்படுத்தாமலிருக்க இன்டெல் தந்த தொகை, டெல்லின் 2003 நிதியாண்டு செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்து, 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதம் வரை போயிருந்தது. தள்ளுபடி என்ற பெயரில் வரும் பணம் லாபத்தில் முக்கால்வாசி என்றால், சிப்பின் தரத்தைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பேசினார்கள். என்னைக் கேட்டால், அதோடு வந்த புதிய காப்புரிமைப் பரிமாற்ற ஒப்பந்தம் அதைவிடப் பெரியது. பழைய ஒப்பந்தத்தில், ஏஎம்டி தன் எக்ஸ்86 சிப்களை வெளியில் தயாரிக்கக் கட்டுப்பாடு இருந்தது. ஏஎம்டி தன் ஃபேப்களைக் குளோபல்ஃபவுண்டரீஸ் என்று தனி நிறுவனமாகப் பிரித்தபோது இன்டெல் அதை வைத்துத்தான் தகராறு செய்தது. 2009 சமரசத்துக்குப் பிறகு அந்தத் தடை இல்லை. பத்து வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், தைவானின் ஃபேப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் செயல்முறையில் செய்த எட்டு சிப்லெட்களோடு (சிறு சிப் துண்டுகளோடு) ஏஎம்டியின் 64 கோர் எபிக் சர்வர் சிப் வந்ததற்கு வழிவிட்டது அந்த ஷரத்துதான்.

இடையில் குளோபல்ஃபவுண்டரீஸோடு இருந்த வேஃபர் (சிப்கள் செதுக்கப்படும் சிலிக்கான் தட்டு) ஒப்பந்தம் ஏஎம்டியைப் படாதபாடு படுத்தியது. குறிப்பிட்ட அளவு வேஃபர் வாங்கியே ஆக வேண்டும். விற்பனை குறைந்து வாங்க முடியாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். 28 நானோமீட்டரில் பிரத்தியேக உரிமையிலிருந்து விடுபட 2012ல் 42.5 கோடி டாலர், அதே ஆண்டுக் கடைசியில் வேஃபர் எண்ணிக்கையைக் குறைத்ததற்கு 32 கோடி. 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரீஸ் 7 நானோமீட்டரைக் கைவிட்டதும் நிலைமை திரும்பியது. 2019 தொடக்கத்தில் திருத்திய ஒப்பந்தப்படி 7 நானோமீட்டரும் அதற்குக் கீழும் எங்கே வாங்கினாலும் அபராதம் கிடையாது. அந்த எபிக்கின் நடுவில் உட்கார்ந்து வெளித்தொடர்பைக் கவனிக்கும் ஐ/ஓ டை என்ற துண்டு மட்டும் குளோபல்ஃபவுண்டரீஸின் 14 நானோமீட்டர். ஐ/ஓ சுற்றுகள் நுண்ணிய செயல்முறையில் பெரிதாகச் சுருங்குவதில்லை என்பது ஒரு காரணம். பழைய பங்காளியிடம் வாங்க வேண்டிய வேஃபருக்கும் ஒரு வேலை கிடைத்தது.

அதே 2018 முடிவு ஐபிஎம்மைப் போட்டுப் புரட்டியது. 2014ல் தன் ஃபேப்களைக் குளோபல்ஃபவுண்டரீஸுக்குக் கொடுத்து, கூடவே 150 கோடி டாலரும் கொடுத்தது ஐபிஎம். பதிலுக்குப் பத்து வருஷம் சர்வர் சிப்களைத் தயாரித்துத் தருவதாகப் பேச்சு. 7 நானோமீட்டர் நின்றதும் ஐபிஎம் சாம்சங்கிடம் போனது. ஐபிஎம்மின் சர்வர் சிப்பான பவர்9 2017 கடைசியில் வந்தது. பவர்10 வர 2021 செப்டம்பர் ஆனது. வழக்கு 2021ல் தொடங்கி 2025 தொடக்கத்தில் சமரசமானது. இதே ஐபிஎம் 2013ல் கூகுள், என்விடியா, மெலனாக்ஸ், டையன் நிறுவனங்களோடு ஓபன்பவர் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தது. ப்ராசஸரிலேயே என்விலிங்க் (என்விடியாவின் அதிவேக இணைப்பு) வைத்த பவர்9, என்விடியா ஜிபியுக்களோடு சேர்ந்து 2018 ஜூனில் சம்மிட்டை உலகின் வேகமான சூப்பர்கம்ப்யூட்டர் ஆக்கியது. பவர்10ல் என்விலிங்க் கிடையாது. என்விடியா மெலனாக்ஸை வாங்கிக்கொண்டு, எக்ஸ்86க்குப் போட்டியான ஆர்ம் கட்டளைத் தொகுதியின் அடிப்படையில் கிரேஸ் என்ற சொந்த ப்ராசஸரைச் செய்துகொண்டது. கூட்டணியில் சிப்களை இணைக்கும் இன்டர்கனெக்ட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அடுத்த துணையைத் தேர்ந்தெடுக்கிறார்.

2025 செப்டம்பரில் என்விடியா இன்டெலில் 500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். என்விடியாவுக்காக இன்டெல் தனியாக எக்ஸ்86 சர்வர் ப்ராசஸர் செய்து தரும், அது என்விலிங்கில் இணையும். ஒரு வருஷம் முன்புதான், 2024 அக்டோபரில், ஆர்ம் வளர்ச்சியைச் சமாளிக்க இன்டெலும் ஏஎம்டியும் சேர்ந்து எக்ஸ்86 ஆலோசனைக் குழுவை அமைத்திருந்தன. கட்டளைத் தொகுதியில் கூட்டாளி, சாக்கெட்டில் எதிராளி. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் கிராவிட்டான், கோபால்ட், ஆக்ஸியான் என்று ஆர்ம் சிப்களைத் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கியிருப்பதால், வெளியே வாங்குபவர்களுக்காகப் போட்டியிடும் சந்தையே சுருங்கிவருகிறது.

வாங்குகிற இடத்தில் இருப்பவர் இதை வைத்து என்ன செய்யலாம்? பெஞ்ச்மார்க்குக்கு முன்னால் லைசன்ஸ் கணக்கைப் போடுங்கள். ஒரே சர்வரில் பல மெய்நிகர் மெஷின்களை (விஎம்) ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர், 2020ல் ஒரு சிபியு லைசன்ஸுக்கு 32 கோர் வரைதான் என்று வரம்பு வைத்ததும், 64 கோர் எபிக் வைத்தவர்களுக்கு ஒரே சாக்கெட்டுக்கு இரண்டு லைசன்ஸ் தேவைப்பட்டது. பிராட்காம் கைக்குப் போனபின் கணக்கே கோருக்கு இவ்வளவு என்றாகி, ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்றானது. கோர் வாரியாக விற்கும் டேட்டாபேஸுக்கு 64 கோர் சிப்பைவிட, குறைந்த கோரும் அதிக கிளாக்கும் பெரிய கேஷும் கொண்ட எஃப் வகை எபிக் மொத்தச் செலவில் மலிவாக வரும். உதாரணத்துக்கு 16 கோர் 9175எஃப். அதில் 512 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது.

அடுத்து, மென்பொருள் நிறுவனத்தின் சான்றிதழ்ப் பட்டியலில் இன்றைய பதிப்பை மட்டும் பார்க்காமல் அடுத்த பதிப்பும் அந்த பிளாட்ஃபார்மில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இதுவே கடைசி வெளியீடு’ என்ற குறிப்பு அங்கேதான் முதலில் வரும், சர்வர் விற்பவரின் பிரசன்டேஷனில் வராது. கடைசி ஆர்டர் தேதி, கடைசி உதிரிபாகத் தேதி இரண்டையும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்மொழி ரோடுமேப் எதற்கும் உதவாது. பழைய இன்டெல் கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுப்பில்) ஏஎம்டி சர்வரைச் சேர்க்கத் திட்டமிட்டால், ஓடும் விஎம்களை இரண்டுக்கும் இடையில் நகர்த்த முடியாது, நிறுத்தித்தான் மாற்ற முடியும். ஆகவே தனி கிளஸ்டர், தனி உபரிக் கொள்ளளவு, இரவில் நிறுத்தி மாற்றுவதற்கான நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை போடுங்கள். டெண்டரில் ப்ராசஸர் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதினால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். தேவையான ஸ்பெக்ரேட் 2017 இன்டிஜர் பேஸ் மதிப்பெண் (ப்ராசஸர் வேகத்துக்கான பொதுச் சோதனை), மெமரி சேனல் எண்ணிக்கை, கார்டுகளையும் டிஸ்க்குகளையும் இணைக்கும் பிசிஐஇ லேன் எண்ணிக்கை, லைசன்ஸுக்கு உட்படும் கோரின் உச்ச வரம்பு, ஐந்தாண்டு மின்சாரம் உட்பட மொத்தச் செலவு என்று எழுதுங்கள். இரண்டு சிப் நிறுவனங்களும், குறைந்தது மூன்று சர்வர் நிறுவனங்களும் விலை கொடுக்கக்கூடிய மாதிரி அந்த எண்களை வைக்க வேண்டும்.